நடுவிலிருந்து தொடங்கச் சொன்னபோது



சென்ற வாரம் பள்ளி முடிந்து வகுப்பறையைப் பூட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு தாயார் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகள் என்னிடம் பயின்றவள், இப்போது இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவத்தில் இருக்கிறாள், வயலின் வாசிக்கிறாள். பள்ளி விடுமுறையில் நடைபெறும் இளையோர் இசைக்குழுப் பயிற்சி முகாம் ஒன்றிற்கு அவள் தேர்வு பெற்றிருக்கிறாளாம். பத்து நாள்கள் விடுதியில் தங்க வேண்டும்.

“அடுத்த வருஷம் எஸ்.பி.எம்., டீச்சர். டியூஷன் எல்லாம் விட்டுப்போகும். அனுப்பலாமா, வேண்டாமா? நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள்” என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்வேன் என எதிர்பார்த்துத்தான் அவர் வந்திருந்தார் என நினைக்கிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வேறென்ன சொல்வார்! எனக்கோ உடனே பதில் வரவில்லை. “நாளை சொல்கிறேன் அம்மா” என்று அனுப்பிவிட்டேன். அன்றிரவு வெகுநேரம் உறக்கம் பிடிக்கவில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வி எங்கள் தோட்டத்து வீட்டு வாசலில் எழுந்தது. அப்போது நான்காம் படிவத்தில் இருந்தவள் நான்.

அது 1996-ஆம் ஆண்டு. தெலுக் இந்தான் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் என் தந்தையார் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஆலய மண்டபத்தில் ஞாயிறுதோறும் நடந்த இசை வகுப்பில் ஒன்பது வயதில் வயலின் கற்கத் தொடங்கினேன். அந்த வயலின் என் தாயார் கூட்டுப் பணம் எடுத்து வாங்கியது. தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, மறுமுனையை மார்பில் சாய்த்து, ஆசிரியர் வாசிக்க வாசிக்கக் கேட்டுத் திருப்பி வாசிப்போம். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் எல்லாமே செவிவழிதான். புத்தகம் என ஒன்று இருந்தது. ஆனால் அது மனப்பாடம் ஆன பிறகு திறந்து பார்க்கும் புத்தகம்.

இந்த வயலின் நம்முடையதே அன்று என்பதையும் அந்த வகுப்பில்தான் அறிந்தேன். இருநூறு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஐரோப்பியர்களின் இசையைக் கேட்டு, அவர்களிடம் அதைக் கற்று, நம் இசைக்குப் பொருத்திக்கொண்டவர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். கடன் வாங்கிய கருவியை நாம் உட்கார்ந்து வாசிக்கப் பழகிக்கொண்டோம். நான் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அங்கிருந்த சிறிய வயலின் குழுவில் சேர்ந்து, அதே கருவியைத் தாடையின் கீழ் இடுக்கி வாசிக்கக் கற்றேன். அங்கும் யாரேனும் ஒருவர் வாசிப்பார். நான் கேட்டுத் திருப்பி வாசிப்பேன். ஒருமுறை கேட்டால் போதும் எனக்கு. “கெட்டிக்காரி” என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தச் சொல்தான் பின்னர் என்னைப் படுத்தியது.

முகாமுக்கான தேர்வு ஒலிநாடா வழியாக நடந்தது. குறிப்பிட்ட பாடலை வாசித்துப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். பள்ளியிலிருந்த ஒலிநாடாவைக் கேட்டு அதை அப்படியே வாசித்து அனுப்பினேன். தேர்வு பெற்றேன். கட்டணத்தைப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் கட்டியது. “அடுத்த வருஷம் பெரிய சோதனை, இப்போ போயி பிடில் வாசிக்கணுமா?” என்று என் பெரியப்பா கேட்டார். அப்பா நீண்ட நேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, “பத்து நாள்தானே, போய் வரட்டும்” என்றார்.

இன்று நம் நாட்டில் இத்தகைய வாய்ப்புகள் பெருகியுள்ளன. இரட்டைக் கோபுரத்தில் இசை அரங்கம் 1998-இல் திறக்கப்பட்டது. மலேசிய பில்ஹார்மோனிக் இளையோர் இசைக்குழு 2006-இல் தொடங்கப்பட்டு, 2007-இல் தன் முதல் நிகழ்ச்சியை அங்கு நடத்தியது. நான் போன காலத்தில் இவை எதுவும் இல்லை. ஈப்போவில் ஒரு விடுதிப் பள்ளியின் மண்டபம், பிளாஸ்டிக் நாற்காலிகள், மேலே சுழன்றுகொண்டே இருக்கும் மின்விசிறிகள். அவற்றின் காற்றில் தாள் பறக்காதிருக்கத் துணி உலர்த்தும் பிடிகளைக் கொடுத்தார்கள்.

முதல் நாள் காலை முதல் வயலின்காரர் ஒருவர் எழுந்து ‘ஏ’ சுரத்தை மட்டும் நீளமாக இழுத்தார். நாற்பது பேரும் அதனோடு தங்கள் தந்தியைச் சேர்த்தார்கள். நான் அதுவரை அறிந்திருந்தது சுருதிப்பெட்டியோடு தனியாகச் சேரும் சுருதி. என் வயலினின் நான்கு தந்திகளும் ‘ச ப ச ப’ என்று சேர்க்கப்பட்டவை. இங்கோ ஜி, டி, ஏ, இ. அந்த மேல் தந்தியை ‘இ’ வரை முறுக்கியபோது அது பட்டென்று அறுந்து என் கன்னத்தில் பட்டது. பக்கத்தில் அமர்ந்திருந்த அலோர் ஸ்டார் சீனப் பெண் எதுவும் கேட்காமல் தன் பெட்டியைத் திறந்து ஒரு புதிய தந்தியை எடுத்துக் கொடுத்தாள். பத்து நாளும் அவளும் நானும் ஒரே தாள்தாங்கியின் முன் அமர்ந்திருந்தோம்.

என்னை இரண்டாம் வயலின் பகுதியில் அமர்த்தியிருந்தார்கள். ஆலய விழாக்களில் தனியாக வாசித்துக் கைதட்டல் வாங்கியவள் நான்! இரண்டாம் வயலின் என்றால் இரண்டாம் தரம் என்றுதான் அன்று நினைத்தேன். ஆனால் அந்த வருத்தம் மதியம் வரைகூட நீடிக்கவில்லை. அதைவிடப் பெரிய துன்பம் தாள்தாங்கியின் மீது காத்திருந்தது. ஐந்து கோடுகளும் அவற்றின் மேலும் கீழும் எறும்புகளைப் போன்ற கரும்புள்ளிகளும். எனக்கு அவற்றை வாசிக்கத் தெரியாது.

எவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இன்று எளிதாக எழுதிவிடுகிறேன். பதினாறு வயதில், சுற்றிலும் பியானோ சோதனைகளில் எட்டாம் நிலை வரை தேறிய பிள்ளைகள் அமர்ந்திருக்க, “எனக்கு எழுத்துத் தெரியாது” என்று எப்படிச் சொல்வது? நான் செய்தது இதுதான். பக்கத்துத் தோழியின் வில் மேலே போனால் என் வில்லும் மேலே போகும். அவள் வாசித்த சுரம் என் காதில் விழுந்த கணமே என் விரல் அங்கிருக்கும். அரை நொடிக்கும் குறைவான தாமதம். நாற்பது பேர் நடுவே யாருக்கும் தெரியாது. மாலைக்குள் பாதிப் பாடம் மனப்பாடமாகிவிட்டது.

நாங்கள் பயின்றது குஸ்தாவ் ஹோல்ஸ்ட் எழுதிய ‘செயின்ட் பால்ஸ் சூட்’. தந்தி வாத்தியங்களுக்கு மட்டுமே உரிய நான்கு பகுதிகள் கொண்ட படைப்பு. ஹோல்ஸ்ட் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதைப் பிற்காலத்தில் படித்தபோது மகிழ்ந்து போனேன். லண்டனில் ஹேமர்ஸ்மித் பகுதியில் இருந்த ஒரு பெண்கள் பள்ளியில் 1905 முதல் 1934-இல் இறக்கும் வரை இசை கற்பித்தார். அந்தப் பள்ளியின் மாணவிகள் வாசிப்பதற்காகவே இதை எழுதினார். சமஸ்கிருதம் கற்று ரிக்வேதப் பாடல்களைத் தாமே மொழிபெயர்த்து இசையமைத்தவரும் அவரே. ‘பிளானட்ஸ்’ என்ற அவருடைய பெரிய படைப்பை உலகமே அறியும். எனக்கு இந்தப் பள்ளிக்கூடப் படைப்புத்தான் நெருக்கம்.

அதன் முதல் பகுதியில் தாளம் மாறி மாறி வரும். ஆறு எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்பதாகிவிடும். மற்றப் பிள்ளைகள் அந்த இடங்களில் தடுமாறினார்கள். எனக்கு மட்டும் அது எளிதாக இருந்தது. தகிட தகிட, பிறகு தகிட தகிட தகிட. அவ்வளவுதான்! முதல் நாள் இரவு, நான் அங்கு இருக்கத் தகுந்தவள்தான் என்று எண்ணிக்கொண்டு உறங்கினேன்.

இரண்டாம் நாள் இரண்டாம் வயலின்களுக்கு மட்டும் தனி ஒத்திகை. எங்கள் பயிற்றுநர் வயதான மலாய்க்காரர், மெதுவாகப் பேசுவார். முதலிலிருந்து வாசித்தோம். நன்றாகவே போனது. பிறகு அவர், “டி எழுத்திலிருந்து” என்றார்.

அத்தகைய தாள்களில் பாட்டின் இடையிடையே ஏ, பி, சி என்று எழுத்துகள் குறிக்கப்பட்டிருக்கும். ஒத்திகையில் நடுவிலிருந்து தொடங்குவதற்காக உள்ள குறிகள் அவை. எனக்கு ‘டி’ தாளில் தெரிந்தது. ஆனால் அந்த ‘டி’ பாட்டில் எங்கே இருக்கிறது என்பது தெரியவில்லை. என் பாட்டுக்குத் தொடக்கம் மட்டுமே இருந்தது. தொடக்கத்திலிருந்து மனத்துக்குள் வேகமாக ஓடி ‘டி’யை அடைய முயன்றேன். அதற்குள் எல்லாரும் எட்டுத் தாளக்கட்டுகளைக் கடந்திருந்தார்கள். “மீண்டும், டி” என்றார். மீண்டும் ஓடினேன். பிறகு “எஃப்” என்றார்.

இன்னொன்றும் உண்டு. இருவர் ஒரு தாளைப் பார்க்கும்போது உட்புறம் அமர்ந்திருப்பவர்தான் வில்லை இறக்கிவிட்டுப் பக்கத்தைத் திருப்ப வேண்டும். மற்றவர் நிறுத்தாமல் வாசிப்பார். உட்புறம் அமர்ந்திருந்தவள் நான். எப்போது திருப்புவது? தோழியின் கண் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்ததா என்பதை நான் எப்படி அறிவேன்? மூன்று முறை தாமதமாகத் திருப்பினேன். நான்காம் முறை அவளே கை நீட்டித் திருப்பிவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அன்று மாலை விடுதி வாசலில் இருந்த பொதுத் தொலைபேசியில் இருபது சென் நாணயங்களைப் போட்டுத் தோட்ட அலுவலகத்துக்கு அழைத்து, அப்பாவைக் கூப்பிடச் சொல்லிக் காத்திருந்தேன். வயிற்று வலி என்றேன். வந்து அழைத்துப் போகச் சொன்னேன். “லாரி சனிக்கிழமைவரைக்கும் ஓடணும் ஆயி. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிக்கிறேன். சுடுதண்ணி குடி” என்றார். அன்று செவ்வாய்க்கிழமை! நாணயங்களும் தீர்ந்துவிட்டன.

அன்றிரவு உணவுக்கூடத்தில் தோழி என் எதிரே அமர்ந்து தாளை விரித்தாள். மலாய்மொழியில், “உனக்கு எது தெரியும்?” என்று மட்டும் கேட்டாள். எது தெரியாது என்று அவள் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை நான் பணி செய்யும் இத்தனை ஆண்டுகளில் நூறு முறையாவது கடன் வாங்கியிருப்பேன். எனக்குத் தெரிந்தது ச ரி க ம. அவள் ஒவ்வொரு புள்ளியையும் வாசித்துக் காட்ட, நான் பென்சிலால் அதன் மேல் சுரத்தைத் தமிழில் எழுதினேன். நள்ளிரவு விளக்கை அணைக்கும்வரை இரண்டு பக்கங்கள் முடிந்தன. பதிலுக்கு அவளுக்குத் தகிட சொல்லிக் கொடுத்தேன்.

மறுநாள் ஒத்திகையில் பயிற்றுநர் எங்கள் பின்னால் வந்து நின்றார். தாள் முழுவதும் தமிழ் எழுத்துகள்! பொதுத் தாளில் கிறுக்கியதற்குத் திட்டு விழும் என்று நடுங்கினேன். அவர் குனிந்து பார்த்து, இது என்ன மொழி, இந்த எழுத்துக்கு என்ன ஒலி என்று கேட்டார். சொன்னேன். அதோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அழுதுகொண்டே. அவர் சற்று நேரம் கழித்து, “நல்ல பென்சிலா? அழித்தால் அழியுமா?” என்றார். அழியும் என்றேன். “இன்றிரவு முதல் வரியை மட்டும் அழித்துவிடு. நாளை இரண்டாம் வரி. அதற்கு மேல் அழிக்காதே” என்றார். அவ்வளவுதான். அவர் என்னைக் கெட்டிக்காரி என்றும் சொல்லவில்லை, முட்டாள் என்றும் சொல்லவில்லை.

அந்தப் படைப்பின் இரண்டாம் பகுதிக்கு ‘ஆஸ்டினாட்டோ’ என்று பெயர். ஒரே சிறு துணுக்கு விடாமல் திரும்பத் திரும்ப வருவதை அப்படி அழைப்பார்கள். அந்தத் துணுக்கை வாசிக்கத் தொடங்குவது இரண்டாம் வயலின்கள்தான். மேலே பாட்டு யார் யாரிடமோ மாறிக்கொண்டிருக்கும். நாங்கள் அதே சில சுரங்களை ஓட்டிக்கொண்டே இருப்போம். கை வலிக்கும். கவனம் சிதறினால் எல்லாரும் சிதறுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பா பேருந்து பிடித்து, அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சாதத்தோடு வந்து, மண்டபத்தின் சன்னல் ஓரமாக நின்று இதைக் கேட்டிருக்கிறார். வெளியே வந்த என்னிடம் தயங்கித் தயங்கி, “மத்தவங்க எல்லாம் மாத்தி மாத்தி வாசிக்கிறாங்க, உனக்கு மட்டும் ஒரே வரிதான் கொடுத்திருக்காங்களா?” என்றார். சிரித்துவிட்டேன். அந்த ஐந்து நாள்களில் நான் சிரித்தது அதுதான் முதல்முறை. வயிற்று வலியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. புளிச்சாதத்தைத் தோழியோடு பகிர்ந்து உண்டோம். அப்பா மாலைப் பேருந்தில் தனியாகத் திரும்பினார்.

நிறைவு நாள் நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அன்று என் தாளில் நான்கு வரிகளில் மட்டும் தமிழ் எழுத்துகள் மிஞ்சியிருந்தன. பக்கங்களைச் சரியான நேரத்தில் திருப்பினேன்.

பிறகு நான் இசைக்கலைஞர் ஆகவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போனேன்; தமிழ்ப்பள்ளிக்கு வந்தேன். ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் என் வகுப்பில் அந்தப் பதினாறு வயதுப் பெண் வந்து அமர்கிறாள். இவ்வாண்டு அவள் இரண்டாம் ஆண்டில் பயிலும் ஒரு சிறுவன். அருமையாக ‘வாசிப்பான்’. குரல் கணீரென்று இருக்கும். வகுப்பே அவனைத் தொடர்ந்து சொல்லும். ஒரு நாள் அவன் விரலைக் கவனித்தேன். விரல் ஒரு சொல்லில் இருந்தது. குரல் அதற்கு அடுத்த சொல்லில் இருந்தது. நடு வரியைத் தொட்டு, “இங்கிருந்து வாசி ஐயா” என்றேன். அவன் உதடுகள் ஒலியின்றி அசையத் தொடங்கின. முதல் வரியிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தான் பிள்ளை! எனக்கு நெஞ்சு திக்கென்றது.

இத்தகைய பிள்ளைகளை நாம் எளிதில் தவறவிட்டுவிடுகிறோம். மந்தமான பிள்ளை கண்ணுக்குத் தெரிகிறது. குறைநீக்கல் வகுப்புக்குப் பெயர் போகிறது. செவி கூர்மையான பிள்ளை நம் புகழ்ச்சியின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. வகுப்பு முழுவதும் சேர்ந்து உரக்க வாசிக்கும்போது யார் வாசிக்கிறார், யார் அரை நொடி பின்னால் வருகிறார் என்று எந்த ஆசிரியருக்குத்தான் தெரியும்? முதல் சில ஆண்டுகள் எனக்கும் தெரியவில்லை. அனுபவித்தவளுக்கே தெரியவில்லை என்பதுதான் வெட்கம்.

அந்தச் சிறுவனிடம், “உனக்கு எது தெரியும்?” என்று தொடங்கினேன். படம் வரைய வரும் என்றான். தெரியாத சொற்களின் மேல் அவனே பென்சிலால் சிறு படங்கள் வரைந்துகொள்ள விட்டேன். வாரம் ஒரு வரியாக அழித்துக்கொண்டு வருகிறோம். இப்போது மூன்றாம் வரியில் இருக்கிறோம். சில வாரங்களில் அழித்த வரியை மீண்டும் வரைய வேண்டியும் வந்தது.

மறுநாள் அந்தத் தாயாரை நடைபாதையிலேயே அமரவைத்து இந்தக் கதையைச் சொன்னேன். அனுப்புங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, “அப்போ உங்க எஸ்.பி.எம்.?” என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். தமிழில் நல்ல தேர்ச்சி, கணிதத்தில் சுமார்தான், அதற்கு முகாம் காரணமில்லை என்று உண்மையைச் சொன்னேன். பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்.

நேற்று இரவு புலனத்தில் செய்தி அனுப்பியிருந்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை மகள் புறப்படுகிறாளாம். முகாமில் கொடுத்த பட்டியலில் உள்ளவற்றைத் தவிர வேறென்ன கொடுத்தனுப்பலாம் என்று கேட்டிருந்தார். ‘இ’ தந்தி இரண்டு அதிகமாக வாங்கிக் கொடுங்கள், மென்மையான பென்சில்கள் சில, நல்ல அழிப்பான் ஒன்று என்று எழுதி அனுப்பினேன்.